யாரோடு பார்த்தீர்கள்?



புத்தாண்டு இதழைக் கையில் எடுத்ததும், 2025இன் சிறந்த பத்துப் படங்கள் எந்தப் பக்கத்தில் என்று சிலர் தேடுவீர்கள். தேட வேண்டாம், இல்லை. அந்தப் பட்டியலைச் சென்னையில் போட்டுவிடுவார்கள். நம்மைவிட விரைவாகப் போடுவார்கள். அதை வைத்து நம்மைவிட நன்றாகச் சண்டையும் போடுவார்கள். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு அதே பத்துப் பெயரை முன்பின்னாக மாற்றி நாமும் அச்சடிப்பதில் என்ன இருக்கிறது? நம்மால் மட்டுமே போட முடிகிற பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் அதைப் பற்றித்தான்.

நான் படப்பைத்தியம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பார்த்ததைக் குறித்துவைக்கும் பழக்கமும் உண்டு. தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். அதில் நான்கு கட்டம். தேதி, படம் அல்லது தொடரின் பெயர், பார்த்த இடம், கூட இருந்தவர். கதை எழுத மாட்டேன், மதிப்பெண் போட மாட்டேன். என் மகள் இதைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் கைத்தொலைபேசியில் லெட்டர்பாக்ஸ்ட் இருக்கிறது. 2011இல் நியூசிலாந்துக்காரர்கள் இருவர் தொடங்கிய செயலி. இன்று உலகம் முழுக்கப் படம் பார்க்கிறவர்கள் அதில்தான் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். “அப்பா, உங்க நோட்டுல நட்சத்திரமே இல்லையே?” என்றாள். “உன் செயலியில யாரோட பார்த்தேன்னு கேக்குதா?” என்றேன். யோசித்துப் பார்த்து, “அது எதுக்குப்பா?” என்றாள்.

எதற்கு என்பதை அவளுக்குச் சொல்லத் தொடங்கியதுதான் இப்படி ஆசிரியர் பக்கமாக நீண்டுவிட்டது.

குறித்துவைப்பதில் எனக்கு ஆசான் பிலிம் நியூஸ் ஆனந்தன். புகைப்பட ஆசையில் சினிமாவுக்குள் வந்தவர். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை பார்த்து, தமிழ் சினிமாவில் அந்தத் தொழிலுக்கே முதல் ஆளானார். ஆனால் அவரை நாம் நினைவில் வைத்திருப்பது அதற்காக அல்ல. எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது, யார் இயக்கியது, யார் நடித்தது என்று பல்லாண்டுகள் குறித்துக்கொண்டே இருந்தார். படங்களும் பாட்டுப் புத்தகங்களும் அவர் வீட்டில் குவிந்தன. 2004இல் அத்தனையும் பெரிய புத்தகமாக வந்தது. அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. 2016இல் மறைந்தார். யாரும் கேட்டுக்கொள்ளாமல், சம்பளமும் இல்லாமல், தன் ஆசைக்காகத் தொடங்கிய வேலை அது.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வெளியானது. இன்று அதன் ஒரு பிரதிகூடக் கிடையாது. அந்தப் படத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பத்திரிகைச் செய்தி, விளம்பரம், பாட்டுப் புத்தகம் இவற்றால்தான். படமே அழிந்த பிறகும் குறிப்பு மிஞ்சுகிறது.

ஆனந்தன் படங்களைக் குறித்தார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களைக் குறிக்க ஆள் இல்லை. அதிலும் கடல் தாண்டி, கிள்ளானிலும் செந்தூலிலும் காப்பார் தோட்டத்திலும் உட்கார்ந்திருந்தவர்களை யார் குறிப்பார்கள்? என் நோட்டின் நான்காம் கட்டம் அதற்காகத்தான். கடந்த ஆண்டின் சில பக்கங்களைப் புரட்டிக் காட்டுகிறேன். நான் சொல்வது விளங்கும்.

தைப்பூசம் பிப்ரவரி 11. அதற்கு ஐந்து நாள் முன்னால் அஜித்தின் ‘விடாமுயற்சி’ வந்தது. எங்கள் அலுவலகத்துத் தம்பிகளில் பாதிப் பேர் காவடிக்கு விரதம். ‘தல’ படத்தின் முதல் நாளை விட்டுக்கொடுத்து, பூசம் முடிந்து, முடி இறக்கி, அதன் பிறகு மொட்டைத் தலைகளோடு வரிசையில் நின்றார்கள். தமிழ்நாட்டில் இப்படி ஒரு காட்சி இருக்குமா என்று தெரியவில்லை; இங்கே அதில் வியப்பே இல்லை. 2007இல் வந்த ‘பில்லா’வில் இதே அஜித் பத்துமலை முருகன் சிலைக்கு முன்னால் ஆடியவர்தானே. அந்தப் படத்தின் பெரும்பகுதி நம் ஊரில்தான் எடுக்கப்பட்டது. நாம் தினமும் போகிற சாலையில் வில்லன் கார் போனபோது, ‘இது நம்ம பக்கம்’ என்று தியேட்டரே கத்தியது.

மார்ச் கடைசியில் நோன்புப் பெருநாள். எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தின் திறந்த இல்ல விருந்தில் தொலைக்காட்சியில் பி. ரம்லியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெருநாள் என்றால் ரெண்டாங்கும் இருக்கும், ரம்லியும் இருப்பார். அந்த வீட்டுப் பெரியவர் ‘பூஜாங் லாப்போக்’ வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்லிவிடுவார். நான் அவரிடம் ஒன்று சொன்னேன்: ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம்ம ஆள். கிருஷ்ணன் மட்டுமல்ல; பி. எஸ். ராஜ்ஹான்ஸ், பி. என். ராவ், பானி மஜும்தார் என்று மலாய் சினிமாவின் தொடக்க காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அந்தப் படங்களில் கதை நடுவே பாட்டு வருவதும் அம்மா அழுவதும் நமக்குப் பழகிய மாதிரி இருப்பது தற்செயல் அல்ல. பெரியவர் கேட்டுக்கொண்டு, “அப்படியென்றால் ‘கெரிமிஸ்’ பார்த்திருக்கிறாயா?” என்றார். 1968இல் ரம்லி உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டுடியோவில் எடுத்த படம். ஒரு மலாய் ஓவியனும் ஓர் இந்திய நடனப் பெண்ணும் காதலிக்கும் கதை. லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். அன்று இரவே வீட்டுக்கு வந்து பார்த்தேன். கூட இருந்தவர் என்ற கட்டத்தில் எதிர்வீட்டுப் பெரியவரின் பெயரைத்தான் எழுதினேன். அவர் பக்கத்தில் இல்லை என்றாலும் பார்க்கவைத்தவர் அவர்.

மே மாதம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். சசிகுமாரும் சிம்ரனும் இலங்கையிலிருந்து தப்பிச் சென்னைக்கு வரும் தம்பதி. இந்தப் படத்தை நான் நூ சென்ட்ரலில் பார்த்தேன். அதாவது பிரிக்ஃபீல்ட்ஸின் வாசலில். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம் அது. ஸ்காட் சாலையில் நூறாண்டு தாண்டி நிற்கும் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. என்னோடு படம் பார்க்க வந்த நண்பர் அந்த வழியில் வந்தவர். மலேசியாவில் பிறந்து, மலேசியாவில் படித்து, யாழ்ப்பாணத்தை ஒரே ஒரு முறை சுற்றுலாவாகப் பார்த்தவர். திரையில் அந்தக் குடும்பம் தன் பேச்சை மறைத்துக்கொள்ளப் படாத பாடு படும்போது தியேட்டர் சிரித்தது, அவரும் சிரித்தார். இடைவேளையில், “எங்க அப்பாச்சியும் இப்படித்தான் கதைப்பா; பள்ளிக்கூடத்தில நாங்கள் அதைக் காட்டிக்கொள்ள மாட்டோம்” என்றார். இத்தனை ஆண்டு பழக்கத்தில் அவர் ‘கதைப்பா’ என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். சென்னை விமர்சகர் யாரும் இந்தப் படத்தைப் பற்றி இதை எழுத முடியாது. எழுத வேண்டியவர்கள் நாம்.

ஜூலை 14இல் சரோஜாதேவி காலமானார். வயது 87. அந்த வாரம் கிள்ளானில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவுக்குக் கண் மங்கல், காது பரவாயில்லை. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை ஓடவிட்டோம். 1965இல் வந்த படம். பெரியம்மா படத்தைப் பார்க்கவில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தார். காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டம். சம்பளம் போட்ட வாரத்தில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாயைக் கொண்டுபோய் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். முன்பக்கம் கூட்டம் நிறைந்துவிட்டால் துணிக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர். இடக்கையால் கத்தி வீசுவார், எழுத்தெல்லாம் இடவலம் மாறி ஓடும். “எழுத்து எப்படி ஓடுனா என்னா, எங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே” என்று பெரியம்மா சிரித்தார். சரோஜாதேவி மாதிரி கொண்டை போட்டதற்காகப் பெரியப்பா முணுமுணுத்ததையும் சொன்னார். கிராணி வீட்டம்மா அதே கொண்டை போட்டபோது யாரும் முணுமுணுக்கவில்லையாம். அறுபது ஆண்டு கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அந்தத் தோட்டங்களுக்குப் படம் காட்ட வந்தது வியாபாரிகள் மட்டும் அல்ல. 1946இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று நான்கு மொழி வர்ணனையோடு வந்தன. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் வண்டிகள் மலாய்க் கிராமங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் திரையோடு போயின. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரச்சாரத்தைக் காட்டப் போனவர்கள்தான். ஜனங்கள் பிரச்சாரத்தைப் பொறுத்துக்கொண்டது, பிறகு ஏதாவது வேடிக்கையாகக் காட்டமாட்டார்களா என்ற ஆசையில். அந்த வண்டிகள் எடுத்துச் சென்ற படங்களில் எவ்வளவோ ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும். பாய் விரித்து இடம் பிடித்த பெரியம்மா எந்தக் காப்பகத்திலும் இல்லை.

ஆகஸ்டில் ‘கூலி’. 1975 ஆகஸ்ட் 15இல் ‘அபூர்வ ராகங்க’ளில் கேட்டைத் திறந்துகொண்டு வந்த மனிதர், ஐம்பது ஆண்டு கழித்து அதே வாரத்தில் இன்னொரு படத்தோடு வந்தார். நமக்குச் சென்னையைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் விடிகிறது என்பதில் மலேசிய ரசிகனுக்கு ஒரு தனிப் பெருமை. அங்கே முதல் காட்சிக்குப் பால் காய்ச்சும்போது இங்கே இடைவேளை முடிந்திருக்கும். என் நோட்டில் இந்தப் படத்துக்கு எதிரே பெயர்கள் கட்டத்துக்கு வெளியே வழிந்துவிட்டன. மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ரஜினி என்றதும் என் நினைவுக்கு எப்போதும் 2016 ஜூலையின் ‘கபாலி’ வரும். பா. இரஞ்சித் நம் தோட்டப் பாட்டாளியின் கதையைக் கையில் எடுத்து, கோலாலம்பூரில் வந்து எடுத்த படம். அதன் முடிவு தமிழ்நாட்டில் கேள்விக்குறியோடு நின்றது. இங்கே பார்த்தவர்களுக்கு மட்டும், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று கடைசியில் ஓர் எழுத்து வந்தது. ஒரே படம், இரண்டு முடிவு. சினிமா வரலாறு எழுதுகிறவர் இந்த இரண்டாம் முடிவை அடிக்குறிப்பில் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அந்த எழுத்து வந்தபோது நம் தியேட்டர்களில் எழுந்த முணுமுணுப்பும் சிரிப்பும்? அது அங்கே இருந்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

சுதந்திர தினத்துக்கும் மலேசியா தினத்துக்கும் இடைப்பட்ட இரண்டு வாரம் வீட்டில் ஒரு சின்ன வழக்கம். உள்ளூர்ப் படம் மட்டும். சியு கெங் குவானின் ‘ஓலா போலா’வை (2016) என் மகனோடு மறுபடி பார்த்தேன். 1980 ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற காற்பந்து அணியின் கதை. அதில் கோல்காவலர் முத்துவைப் பார்த்ததும், ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தின் பெயரைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. யாஸ்மின் அகமதுவின் ‘டேலண்டைம்’ (2009) பார்த்தோம். அதில் காதுகேளாத மகேஷின் வீட்டில் பேசப்படும் தமிழும், அவன் தாயின் ஆத்திரமும் அழுகையும் எந்தத் தமிழ் இயக்குநர் எடுத்தாலும் இதைவிட நம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்திருக்காது. ஜின் ஓங்கின் ‘அபாங் அடிக்’ (2023) புடுவில் அடையாள அட்டை இல்லாமல் வாழும் இரண்டு சகோதரர்களின் கதை. கான்டனீஸ் வசனம் பாதி புரியவில்லை. ஆனால் சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு ஆயுள் முழுதும் இலாகா படியேறிய நம் தாத்தா பாட்டிகளைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

பிறகு ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் கொடுத்த படம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டம் உடைந்து புறம்போக்குக் குடிசைக்கு வந்து விழுந்த ஒரு குடும்பத்தில், அப்போய் என்ற பையன் எப்படிக் கைநழுவிப் போகிறான் என்ற கதை. பெரியம்மாவின் திடல் காணாமல் போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் இந்தப் படத்தைக் காட்டலாம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய்ப் படங்களுக்கு ஒரு பிரிவு, பிறமொழிப் படங்களுக்கு ஒரு பிரிவு என்று அறிவித்தபோது திரைத்துறைக்குள்ளிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களில் மலாய்க் கலைஞர்கள் முன்னால் நின்றார்கள். விதி மாறியது, சிறந்த மலேசியப் படம் என்ற விருதைத் தமிழ் பேசும் ‘ஜகாட்’ வாங்கியது.

இந்த இடத்தில் நோட்டின் மூன்றாம் கட்டம் ஒன்றைச் சொல்கிறது. சென்னைப் படங்களுக்கு எதிரே தியேட்டர் பெயர் இருக்கிறது. உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கு எதிரே பெரும்பாலும் ‘வீடு’ என்றிருக்கிறது. என் நோட்டில் மட்டுமல்ல, உங்கள் நோட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தீபக் குமாரன் மேனன் 2005இல் ‘செம்மண் சாலை’யும் 2007இல் ‘சலங்கை’யும் எடுத்தார். ‘சலங்கை’ முழுக்கப் பிரிக்ஃபீல்ட்ஸ். பூக்கட்டி விற்கும் தாய், பரதம் கற்க ஏங்கும் மகள். வெளிநாட்டு விழாக்களில் அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூக்கடை வழியாகத் தினமும் நடந்துபோய்ப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். விமலா பெருமாளின் ‘விளையாட்டுப் பசங்க’ (2011), ‘வெடிகுண்டு பசங்க’ (2018), ஷாலினி பாலசுந்தரத்தின் ‘கீதையின் ராதை’ (2016), ‘திருடாதே பாப்பா திருடாதே’ (2018) என்று கூட்டத்தைத் தியேட்டருக்கு இழுத்தவையும் உண்டு. உள்ளூர்ப் படத்துக்குத் தியேட்டர் இடம் தரவேண்டும் என்று நம் நாட்டில் கட்டாயத் திரையிடல் திட்டமே இருக்கிறது. ஆனால் கூட்டம் இல்லை என்றால் அந்த இடம் பெரிய அரங்கிலிருந்து சின்ன அரங்குக்கும், மாலைக் காட்சியிலிருந்து மதியக் காட்சிக்கும் நகர்ந்துவிடும். வியாழக்கிழமை வருகிற படத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும்போது அந்தப் படம் அடுத்த வாரம் இருப்பதில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நோட்டு வைத்திருந்தால் இது கண்ணில் படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு ‘பைசன்’, ‘டியூட்’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. வீட்டில் கட்சி பிரிந்தது. பிள்ளைகள் பிரதீப் ரங்கநாதனிடம் போனார்கள். நான் மாரி செல்வராஜிடம் போனேன். மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையிலிருந்து எடுத்த படம். பின்னர் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் முறுக்கும் பலகாரமும் வாங்கும் நெரிசலில் எல்லாரும் சந்தித்து, யார் படம் நல்ல படம் என்று அங்கேயே நின்று வாதாடினோம். கடைக்காரர் ஒருவர் தன் பங்குக்கு மூன்றாவதாக வேறொரு படத்தைச் சொன்னார். அவர் பார்த்தது எந்தத் தியேட்டரில் என்று கேட்டால் சிரித்தார்.

தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்லாமல் ஒரு மலேசியத் தமிழன் படம் பார்த்த ஆண்டின் கணக்கு நிறையாது. 1963 டிசம்பர் 28இல் இங்கே தொலைக்காட்சி வந்தது. வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் போட்ட காலத்தில், பெட்டி இருந்த வீட்டுக்குப் பெட்டி இல்லாத வீடுகள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. 1996இல் ஆஸ்ட்ரோ வந்து வானவில் அலைவரிசையைக் கொடுத்த பிறகு தமிழ் நாள் முழுவதும் ஓடத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்த ஆனந்த கிருஷ்ணன் 1938இல் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர், அங்கே விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். 2024 நவம்பரில் மறைந்தார். டி.ஜி.வி. திரையரங்குகளும் அவருடைய குழுமத்தோடு சேர்ந்தவைதான். பிரிக்ஃபீல்ட்ஸ் பையன் ஒருவர் நாட்டின் கூரைகளில் எல்லாம் தட்டு மாட்டவைத்தார் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சந்தாக் கட்டணம் ஏறும்போது திட்டவும் திட்டினோம்.

கடந்த ஆண்டு தொடர்களில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது தமிழ்த் தொடர் அல்ல, ‘அடாலசென்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடர். நான்கு பகுதி, ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கொலைக் குற்றத்துக்காகக் கைதாகிறான். தன் அறைக்குள் கணினி முன்னால் பத்திரமாக இருக்கிறான் என்று பெற்றோர் நம்பிய பையன். மனைவியும் நானும் இரவில் பார்த்தோம். மறுநாள்தான் தெரிந்தது, பக்கத்து அறையில் மகன் அதே தொடரைத் தன் கைத்தொலைபேசியில் தனியாகப் பார்த்து முடித்திருக்கிறான். அவன் நோட்டு வைத்திருந்தால் நான்காம் கட்டம் காலியாக இருந்திருக்கும். பிறகு மூவரும் சேர்ந்து உட்கார்ந்து மூன்றாம் பகுதியை மறுபடி பார்த்தோம். அதற்குப் பிறகு நாங்கள் பேசியது தொடரைப் பற்றி மட்டும் இல்லை.

ஆண்டின் கடைசிச் சனிக்கிழமை, டிசம்பர் 27, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் விஜய்க்காக நிரம்பியது. தன் கடைசிப் படம் என்று அவர் அறிவித்த ‘ஜன நாயக’னின் பாடல் வெளியீட்டு விழா சென்னையில் நடக்கவில்லை, நம் ஊரில் நடந்தது. அன்று எல்.ஆர்.டி. ரயிலில் ஏறியவர்களுக்கு எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. மலேசிய ரசிகர் கூட்டத்தின் அளவை உலகம் அன்று பார்த்தது. கூட்டமாக நம்மைப் பார்த்தது. அந்தக் கூட்டத்துக்குள் ரவாங்கிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த பெண்ணையும், காப்பாரிலிருந்து வாடகை வேனில் வந்த பையன்களையும் தனித்தனியாகப் பார்க்க நாம் எழுதினால்தான் முடியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய பத்து ரோட்டில், இன்றைய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில், 1920இல் எழுந்த கொலிசியம் தியேட்டர் கட்டடத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. அதன் கட்டடக்கலையைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அதற்குள் பாகவதர் பாட்டுக்குத் தலையாட்டியவர்களைப் பற்றி எதுவும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் லீடோ தியேட்டரில் ராத்திரிக் காட்சி முடிந்து நடந்தே வீடு போனவர்கள், பெட்டாலிங் ஜெயா ஸ்டேட் தியேட்டரில் முதன்முதலாகக் கைகோத்த தம்பதிகள், எண்பதுகளில் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் தாமான் முழுக்கச் சுற்றவிட்டவர்கள், 2020 மார்ச்சில் எல்லாத் தியேட்டரும் மூடியபோது எதை முதலில் இழந்தோம் என்று தெரியாமல் தவித்தவர்கள், இவர்கள் எல்லாரும் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கிறார்கள். படங்களின் வரலாறு சென்னையில் பத்திரமாக இருக்கிறது. பார்த்தவர்களின் வரலாறு நம் வீட்டுப் பெரியவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போகும்.

எனவே அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கத்தை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். தலைப்பு: ‘யாரோடு பார்த்தீர்கள்?’ ஒரே ஒரு படம் அல்லது ஒரு தொடர் போதும். அதன் கதை வேண்டாம்; அது எங்களுக்கும் தெரியும். எங்கே பார்த்தீர்கள், யாரோடு, எப்படிப் போனீர்கள், டிக்கெட் என்ன விலை, இடைவேளையில் என்ன சாப்பிட்டீர்கள், கீழே ஓடிய மலாய் எழுத்தை யார் யாருக்குப் படித்துச் சொன்னார், வீட்டுக்கு வந்து யாரிடம் அடி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். தமிழ்ப் படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரம்லியும் வரலாம், ஷாவ் பிரதர்ஸின் கத்திச் சண்டையும் வரலாம், மலாய் நண்பனோடு பார்த்த இந்திப் படமும் வரலாம். எழுத்து வராத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதினால் இன்னும் நல்லது. அந்தக் கடிதங்களுக்கு முதலிடம் தருவோம். கைத்தொலைபேசியில் குரலாகப் பதிந்து அனுப்பினாலும் எங்கள் ஆட்கள் எழுதிக்கொள்வார்கள். டிக்கெட் துண்டு, பாட்டுப் புத்தகம், தியேட்டர் வாசலில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் நகல் மட்டும் அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி திறந்ததும் ‘என் விடுமுறை’ என்று கட்டுரை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, ‘என் பாட்டி பார்த்த முதல் படம்’ என்று ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். பாட்டியிடம் போய் உட்காரப் பிள்ளைகளுக்கு ஒரு காரணம் கிடைக்கும். நல்லவற்றை நாங்கள் வெளியிடுகிறோம்.

இந்த இதழிலேயே முன்னோட்டமாக என் பெரியம்மா சொன்னதை முழுதாகப் போட்டிருக்கிறோம். கொண்டை விவகாரம் உட்பட எதையும் வெட்டக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் மறுப்புக் கடிதம் எழுதியிருப்பார், அதையும் வெளியிட்டிருப்போம்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து புதுப் படங்கள் வரும். போய்ப் பாருங்கள், ஆரவாரம் செய்யுங்கள். இந்த ஆண்டு வரும் உள்ளூர்ப் படத்தில் ஒன்றையாவது முதல் வார இறுதியிலேயே, வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு, பொங்கல், தைப்பூச வாழ்த்துகள். முதல் கடிதம் கிள்ளானிலிருந்து வருகிறதா, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வருகிறதா என்று எங்கள் அலுவலகத்தில் இப்போதே பந்தயம் கட்டிவிட்டார்கள். நான் கிள்ளான் பக்கம்.

அன்புடன்,
ஆசிரியர்